மலை மேல் வாகன நிறுத்துமிடம்: டெண்டர் முதல் வைப்புத்தொகை திரும்பும் வரை

இந்த அத்தியாயம் முப்பது, நாற்பது லட்ச ரூபாய் அளவிலான வேலையைப் பற்றியது. மலை மேல் ஓர் அருவியோ கோயிலோ அரசு விருந்தினர் மாளிகையோ ஆராய்ச்சி நிலையமோ இருக்கும். அதன் முன்னால் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் தரையைச் சமன் செய்து, பேவர் பிளாக் பதித்து, வடிகால் கட்டி, ஐம்பது கார் நிற்க இடம் செய்து தர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செய்யும் வேலைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அதே ஜல்லி, அதே கல், அதே எம்-சாண்ட். சமவெளியில் பெயர் வாங்கிய ஒப்பந்ததாரர்கள் மலையில் கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான்.

மலை வேலையில் விலை போட வேண்டியவை இரண்டு: மேலே ஏறும் பாதை, கீழே இறங்கும் தண்ணீர். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். இந்த இரண்டையும் டெண்டர் போடுவதற்கு முன்பே எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் முதல் ஒரு படி மேலே போய், கோடை சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலில் 4,000, 6,000 என்று உச்சவரம்பே வைத்தது. வண்டி நிறுத்த இடம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியோடு சேர்ந்துவிட்டது. அந்த இடத்தைக் கட்டித் தருபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

உதாரணத்துக்குக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். வேலை கற்பனையானது, மலையும் பாதையும் உண்மை.

அறிவிப்பில் என்ன பார்க்க வேண்டும்

மாநில அரசுத் துறைகளின் கொள்முதலுக்கெல்லாம் அடிப்படை, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகள். அறிவிப்புகள் மாநில அரசின் மின்-டெண்டர் தளத்திலும் டெண்டர் புல்லட்டினிலும் வரும். மத்திய அரசு நிறுவனமாக இருந்தால் அதற்கு வேறு தளம், வேறு நிபந்தனைகள். டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதை அறிவிப்பு வந்த அன்றே பாருங்கள். கடைசி நாள் பிற்பகலில் அதைப் புதுப்பிக்க ஓடுவதால் எத்தனையோ நல்ல டெண்டர்கள் கைவிட்டுப் போயிருக்கின்றன.

இரண்டு கோடி ரூபாய்க்கு உட்பட்ட டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் போனால் 30 நாள். நம் வேலைக்கு 15 நாள்தான் கிடைக்கும். அதில் முதல் வாரத்திலேயே மலை ஏறிவிட வேண்டும். ஏனென்றால் அங்கே பார்த்ததை வைத்து எழுத்தில் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலும் வர வேண்டும்.

முன் வைப்புத்தொகை, அதாவது இ.எம்.டி., சாதாரணமாக வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மிகாது. பதிவு வகுப்பு, சால்வன்சி சான்று, ஜி.எஸ்.டி. பதிவு, இதே மாதிரி வேலை முடித்த சான்று ஆகியவை வழக்கமானவை. உங்களுக்கே தெரியும் என்பதால் இவற்றைத் தாண்டி அளவுப் பட்டியலுக்குப் போகிறேன்.

அளவுப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை இருப்பதைப் படியுங்கள். இரண்டாம் முறை இல்லாததைத் தேடுங்கள். மலை வேலைகளின் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது இவைதான்: மேல்புறச் சரிவிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பும் தடுப்பு வடிகால், தடுப்புச் சுவரில் நீர்க்கசிவுத் துளைகளும் அவற்றின் பின்னால் போட வேண்டிய வடிகட்டி ஜல்லியும், பாறை வெட்டுவதற்குத் தனி விலை, வெட்டிய மண்ணைக் கொட்ட இடம். "எல்லா வகை மண்ணிலும் தோண்டுதல்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள். மலையில் இரண்டு அடிக்குக் கீழே தகட்டுப் பாறை ஓடுவது சாதாரணம். சுற்றுலாத் தலத்தில் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்தோ உளி வைத்தோதான் உடைக்க வேண்டும். மண்ணுக்குப் போட்ட விலையில் பாறையை உடைத்தால் லாபமெல்லாம் அந்தக் குழியிலேயே போய்விடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகு இதைத் தருமமாக நினைத்துச் செய்வதில்லை. செய்தே ஆக வேண்டும். 3,600 மி.மீ. அகலமும் 5,000 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டு இடங்களாவது நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். வரைபடத்தில் இல்லாவிட்டால் கேட்டுச் சேர்க்க வையுங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அருவி வரைக்கும் இறங்க முடியாமல் போகலாம். காரை விட்டு இறங்கி மலைக்காற்றை வாங்கவாவது அவரால் முடிய வேண்டாமா?

ஏறிப் பாருங்கள்

சைட் பார்க்காமல் எஸ்டிமேட்டை நம்பி விலை போடாதீர்கள். நாமக்கல் பக்கத்திலிருந்து போனால் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது. இரண்டிலும் போய்ப் பாருங்கள். காரில் போவதைவிட, நீங்கள் வேலைக்கு வைக்கப்போகும் டிப்பர் ஓட்டுநரை அவர் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போவது நல்லது. எந்த வளைவில் ஒரே திருப்பில் ஏறும், எங்கே பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும், பாரத்தோடு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்தான் சொல்வார். நீளமான டாரஸ் வண்டியை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, ஆறு சக்கர வண்டிதான் ஏறும் என்று பிறகு தெரிய வந்தால் போக்குவரத்துச் செலவு அங்கேயே எகிறிவிடும்.

இடத்துக்குப் போனதும் நிழலில் நின்று உதவிப் பொறியாளரோடு பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் ஒரு குடம் தண்ணீரும் போதும். மேல் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று என்று மூன்று குழிகள் தோண்டுங்கள், இரண்டரை அடி ஆழத்துக்கு. கடப்பாரை "டங்" என்று எந்த ஆழத்தில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த மண்ணைக் கையில் பிசைந்து பாருங்கள். விரலில் பசை போல ஒட்டினால் களி. மழையில் ஊறினால் மேலே போட்ட கல் அமுங்கும். பிறகு குழியில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். சில இடங்களில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வற்றியிருக்கும். சில இடங்களில் மாலை வரை அப்படியே நிற்கும். கீழ் விளிம்புக் குழியில் நீங்கள் ஊற்றாமலே தண்ணீர் ஊறி வந்தால் அங்கே ஊற்றுக்கண் இருக்கிறது. அந்த இடத்தில் அடிமட்ட வடிகால் இல்லாமல் எதைப் பதித்தாலும் நிலைக்காது. ஒவ்வொரு குழியையும் அளவு டேப் தெரியும்படி, இடக்குறியீடு பதிவாகும் செயலியில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்ததாக, எதிரே கடை வைத்திருப்பவரிடம் போய், "அண்ணா, ஐப்பசி மழையில தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேளுங்கள். பலாப்பழமும் மிளகும் விற்றுக்கொண்டிருக்கும் அவர் கையை நீட்டிக் காட்டுவது எந்த லெவல் புத்தகத்திலும் இருக்காது. அரசுப் பேருந்து எங்கே திரும்புகிறது, ஆடி பதினெட்டுக்கு எத்தனை வண்டி வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நடைக் கணக்கு

திறந்த வெளியில் ஒரு காருக்கு, நிற்கும் இடமும் வந்து திரும்பும் வழியும் சேர்த்துச் சுமார் 23 சதுர மீட்டர் என்று திட்டமிடுவது நடைமுறை. ஐம்பது காருக்கு 1,150 சதுர மீட்டர். இதற்கான சரக்கை எடையாக மாற்றிப் பாருங்கள்.

60 மி.மீ. பேவர் பிளாக் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. மொத்தம் 160 டன். அடியில் 150 மி.மீ. ஜி.எஸ்.பி., அதன் மேல் 150 மி.மீ. வெட்மிக்ஸ் என்று வைத்தால் இறுகிய நிலையில் 345 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.2 டன் வீதம் கிட்டத்தட்ட 760 டன். கல்லுக்கு அடியில் விரிக்கும் மணல் 40 மி.மீ. என்றால் இன்னும் 70 டன்னுக்கு மேல். ஆக, வடிகாலுக்கும் கர்ப் கல்லுக்கும் தடுப்புச் சுவருக்கும் போகாமலே ஆயிரம் டன் ஆகிவிட்டது. ஒரு நடைக்குப் பத்து டன் என்றால் 100 நடை.

நூறு முறை எழுபது வளைவு ஏறி இறங்க வேண்டும். சமவெளியில் நான்கு நடை அடிக்கும் வண்டி மலையில் இரண்டு நடை அடித்தாலே நல்ல நாள். ஒரு நடைக்குக் கூடுதலாக 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் 3 லட்ச ரூபாய். நாற்பது லட்ச ரூபாய் வேலையில் பலருடைய மொத்த லாபமே அவ்வளவுதான்.

ஆகவே எஸ்டிமேட்டோடு லீட் ஸ்டேட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எந்தக் குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், அந்தக் குவாரி இப்போது ஓடுகிறதா, மலைப்பகுதிக்கான கூடுதல் விகிதம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடிக்கிடக்கும் பக்கத்துக் குவாரியை வைத்துப் போட்ட கணக்கு உங்களுக்கு உதவாது. ஜல்லி, எம்-சாண்ட் வண்டிகளுக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு கட்டாயம். ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சீட்டைக் காட்டாவிட்டால் கனிமக் கட்டணத்தை உங்கள் பில்லிலேயே பிடித்துவிடுவார்கள். குவாரியில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை என்று இரண்டு தடவை கட்டியதாகிவிடும்.

கான்கிரீட்டுக்கு ரெடிமிக்ஸ் வண்டியை நினைக்கவே வேண்டாம். கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மலையடிவாரத்துக்கு வந்து சேரவே அதில் பாதி போய்விடும். மேலேயே ஹாப்பர் மிக்சர் வைத்துப் போடுவதுதான் வழி. பனி இறங்கும் ஊரில் சிமென்ட் மூட்டையைத் தரையில் அடுக்கக் கூடாது. பலகை மேல், சுவரை ஒட்டாமல், பத்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வையுங்கள்.

தண்ணீர்

இதுதான் அத்தியாயத்தின் மையம். மேற்பரப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கல்லின் நிறம், வடிவம், கோட்டின் அழகு எல்லாம் திறப்பு விழாப் படத்தில் தெரியும். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்.

ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை கொட்டினால் 1,150 சதுர மீட்டரில் விழுவது 57,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்தை ஒரு மணி நேரத்தில் அங்கே கவிழ்த்தது போல. முன்பு மண் தரையாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. நீங்கள் கல் பதித்த பிறகு பெரும்பகுதி ஓடத்தான் போகிறது. இதோடு மேல்புறச் சரிவிலிருந்து வரும் தண்ணீரும் சேரும். சரிவு பெரிதாக இருந்தால் அது இதைவிடப் பல மடங்கு.

அதனால் முதல் வேலை, மேலே இருந்து வரும் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. சரிவை வெட்டிய முகத்துக்கு மேலே, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீரை இரண்டு பக்கமும் திருப்பிவிடும் வடிகால் வேண்டும். இது பட்டியலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். சேர்க்க மறுத்தால் அந்தக் கடிதத்தின் நகல் பின்னாளில் உங்களைக் காக்கும்.

உள்ளே விழும் தண்ணீருக்குச் சாய்வு முக்கியம். பேவர் பிளாக் தளத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம், அதாவது பத்து மீட்டருக்கு 20 முதல் 25 செ.மீ. இதைவிடக் குறைந்தால் தேங்கும். ரொம்பக் கூடினால் கார்க் கதவு தானாகத் திறந்து பக்கத்து வண்டியில் இடிக்கும். கைக்குழந்தையோடு இறங்குபவர்கள் தடுமாறுவார்கள். மாற்றுத்திறனாளிகளின் இடத்தை அந்தத் தளத்திலேயே இருப்பதில் மிகவும் சமமான பகுதியாகப் பார்த்து ஒதுக்குங்கள்.

கல்லுக்கு அடியில் இருக்கும் மணலிலும் தண்ணீர் இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடுக்குகள் வழியாக இறங்கிய தண்ணீர் சாய்வோடு போய்க் கீழ் விளிம்பில் உள்ள கர்ப் கல்லில் முட்டி நிற்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் மணல் கூழாகும். அதன் மேல் ஒரு சுற்றுலா வேன் ஏறி இறங்கினால் கல் ஆடத் தொடங்கும். இடுக்கில் சேறு பீச்சும். ஒரு கல் ஆடினால் பக்கத்துக் கல்லும் ஆடும். இதற்குத் தீர்வு மிக மலிவானது. கீழ் விளிம்புக் கர்ப் வரிசையில் மணல் மட்டத்தில் இடைவெளி விட்டுச் சிறு குழாய்கள் வைத்து, மணல் வெளியே வராதபடி வடிகட்டித் துணி கட்டிவிட்டால் போதும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவுதான். பட்டியலில் இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள். அந்தத் தளம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே பல வருடம் கிடக்கப்போகிறது.

எல்லாம் சேர்ந்த தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள்? வரைபடத்தில் வடிகால் ஒரு அம்புக்குறியோடு முடிந்திருக்கும். அந்த அம்புக்குறி காட்டும் திசையில் கீழே இறங்கி நடந்து பாருங்கள். கொல்லிமலை போன்ற இடத்தில் அங்கே யாரோ ஒரு மலைவாழ் குடும்பத்தின் சாமைக் காடோ மிளகுக் கொடியோ இருக்கும். ஐந்து டேங்கர் தண்ணீரை ஒரே குழாயில் அவர்கள் நிலத்தில் திருப்பிவிட்டால் ஒரே மழையில் மேல்மண் போய்விடும். அவர்கள் டெண்டரும் பார்க்கவில்லை, ஆட்சேபமும் எழுதவில்லை. அதனால் அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும். வடிகாலின் முடிவில் கருங்கல் படிகள் கட்டி வேகத்தைக் குறைத்து, இருக்கும் ஓடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முறை. கூடுதலாக முப்பது மீட்டர் வடிகால் தேவைப்படலாம். அதை டெண்டருக்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் "கூடுதல் ஐட்டம்" என்று கோப்பு மாதக்கணக்கில் சுற்றும்.

திருவிழாவுக்கு மட்டும் நிரம்பும் ஓரப் பகுதிகளுக்கு, இடையில் புல் வளரும் துளைக் கற்களைப் பரிந்துரைக்கலாம். தண்ணீர் அங்கேயே இறங்கும். வடிகாலின் சுமையும் குறையும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ். 15658 படி கார் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம், எம்-35 தரம் போதும். பேருந்தும் வேனும் திரும்பும் பகுதிக்கு 80 மி.மீ. கனமும் எம்-40 தரமும் கேளுங்கள். வண்டி பிரேக் போட்டுத் திரும்பும் இடங்களில் மீன்முள் வடிவில் பதித்தால்தான் கல் நகராது. இடுக்கு 2 முதல் 4 மி.மீ.; அதில் காய்ந்த சன்ன மணலைப் பெருக்கி நிரப்பி, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். மலையில் காலைப் பனியில் நனைந்த மணலைத் தள்ளினால் மேலே மூடியது போலத் தெரியும், உள்ளே வெற்றிடமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிலமும் மரமும்

இடம் யாருடையது என்ற கேள்வியைத் துறை முடித்துவைத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். காப்புக்காட்டின் எல்லைக்குள் ஓர் அடி போனாலும் வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இன் கீழ் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்றும் பாருங்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வெட்டக்கூட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. நீலகிரியில் ஜே.சி.பி., பொக்லைன் ஓட்டுவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். இவற்றை வாங்குவது யார் பொறுப்பு என்று ஒப்பந்த நிபந்தனையில் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நின்றுபோனால் கால நீட்டிப்பு கேட்க அதுதான் ஆதாரம். நடுவில் நிற்கும் பெரிய மரத்தைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: இரண்டு காருக்கு இடம் குறைந்தாலும் மரத்தைச் சுற்றித் திட்டமிடச் சொல்லுங்கள்.

விலை போடுவது

முன்-டெண்டர் கூட்டத்தில் வாய்மொழியாகக் கிடைத்த பதிலுக்கு மதிப்பில்லை. கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதில் திருத்த அறிவிப்பாகத் தளத்தில் வரும்படி செய்யுங்கள்.

போட்டியைப் பார்த்து விலையைத் தாழ்த்துவதில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்டிமேட்டைவிட மிகவும் குறைத்துப் போட்டால் பல துறைகளில் கூடுதல் வைப்புத்தொகை கேட்பார்கள். வழக்கத்தில் உள்ள நிபந்தனைப்படி 15 சதவீதத்துக்கு மேல் குறைத்தால், எஸ்டிமேட்டுக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. 40 லட்ச ரூபாய் வேலையை 32 லட்சத்துக்குப் போட்டால் வித்தியாசம் 8 லட்சம். 4 லட்ச ரூபாயை முதலிலேயே முடக்க வேண்டும். அந்தப் பணத்தை வெளியில் வட்டிக்கு வாங்கி வேலை செய்பவர் ஜல்லியின் கனத்தில்தான் அதைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். அப்படி ஒரு வேலையைச் செய்வதைவிட விட்டுவிடுவது நல்லது.

பில்லில் பிடித்தம் போவதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனியாகக் கொடுக்கப்படுகிறதா, உங்கள் விலைக்குள் அடங்கியதா என்பதுதான் முதல் கேள்வி. ஒப்பந்தம் இரண்டரை லட்ச ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம், வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதமும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும், கட்டுமானத் தொழிலாளர் நலத்துக்கு 1 சதவீதம். இதற்கு மேல் ஒவ்வொரு பில்லிலும் நிறுத்திவைக்கும் பங்கு. கையில் வரும் பணம் பில் தொகையைவிட எவ்வளவு குறையும் என்பது டிப்பர்காரருக்குச் சொன்ன தேதி வரும்போதுதான் உறைக்கும்.

உங்கள் டெண்டர் சரியாக இருந்தும் தள்ளப்பட்டது என்று நினைத்தால் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வழி தருகிறது. பத்து நாள் மிகக் குறைவு. ஒப்பீட்டுப் பட்டியலை உடனே கேட்டு வாங்குங்கள்.

எப்போது வேலை

கொல்லிமலையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை பிறந்ததிலிருந்து சித்திரைக்குள் மண் வேலையும் தளமும் முடிந்துவிட வேண்டும். கோடையில் கூட்டம் ஏறும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆடிப்பெருக்கும் வல்வில் ஓரி விழாவும் வரும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் பாதையெல்லாம் வண்டியாக நிற்கும். அந்த நாட்களில் தோண்டிப்போட்ட குழியோடு இருந்தால் ஊரே உங்களைத் திட்டும், நியாயமாகத்தான். இடத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி திறந்திருக்கும்போதே மறு பாதியைச் செய்யும்படி அட்டவணை போட்டுக் கொடுங்கள்.

மார்ச் 31 நிதியாண்டு முடிவு. பிப்ரவரி கடைசிக்குள் பார்ட் பில் போடும் அளவுக்கு வேலை நடந்திருந்தால்தான் அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பணம் வாங்க முடியும்.

ஆட்களில் கல் பதிப்பவர்களைத் தவிர மற்றவர்களை அந்த மலையிலேயே எடுங்கள். கீழிருந்து கூட்டிப்போகிறவர்களுக்குத் தங்க இடமும் போர்வையும் கழிப்பறையும் விலையில் சேர்ந்திருக்க வேண்டும். மலை ஆள் என்பதற்காகக் கூலியைக் குறைப்பது அநியாயம். சனிக்கிழமை சந்தைக்கு முன் கூலி கையில் போய்ச் சேர்ந்தால் திங்கட்கிழமை ஆள் வரும்.

எம்-புக்கும் முடிவும்

மண்ணைத் தொடுவதற்கு முன் உதவிப் பொறியாளரோடு சேர்ந்து ஐந்து மீட்டர் கட்டத்துக்கு ஒரு லெவல் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெட்டிய மண் எவ்வளவு என்ற தகராறு வந்தால் அந்தத் தாள் ஒன்றுதான் பேசும். ஜி.எஸ்.பி.யின் மேல் வெட்மிக்ஸ் விழும் முன், வெட்மிக்ஸின் மேல் மணல் விழும் முன், ஒவ்வொரு அடுக்கின் கனமும் எம்-புக்கில் ஏற வேண்டும். பொறியாளருக்கு நாலைந்து ஊர் வேலை இருக்கும். மலைக்கு வாரம் ஒரு முறைதான் வருவார். மூடப்படும் அடுக்குகள் அவர் வரும் நாளில் திறந்திருக்கும்படி வேலையை ஓட்டுங்கள். வராவிட்டால் முன் அறிவிப்பு அனுப்பி, அளவு டேப் வைத்துப் படம் எடுத்து, குழியில் ஒரு பகுதியை மூடாமல் வைத்திருங்கள்.

முடித்துக் கொடுத்த பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்கும். முதல் பெருமழை முடிந்த மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு, ஒரு மூட்டை சன்ன மணலும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். இடுக்குகளில் இறங்கிய மணலை நிரப்பி, ஆடும் கல்லை எடுத்துத் திரும்பப் பதித்து, வடிகாலில் சேர்ந்த இலையை வாரி, கர்ப் துளைகளில் தண்ணீர் வந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள நிலத்துக்காரரையும் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். செய்த பராமரிப்பை ஒரு கடிதத்தில் எழுதி, படங்களோடு துறைக்குக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பொறுப்புக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கூட்டு ஆய்வு கேட்டு விண்ணப்பியுங்கள்; அதோடு இந்தக் கடித நகல், பணி நிறைவுச் சான்று, கடைசிப் பில்லின் நகல், வைப்புத்தொகை கட்டிய ரசீது நான்கையும் இணைத்தால் பணம் திரும்புவதற்குக் கேட்க வேறு காகிதம் இருக்காது.